கிருமியின் பெயர் தெரியும், ஆனால் சொல்லக் கூடாது!

வாத்து கடித்தால் டபிள்யூ61.61. அதே வாத்து கடிக்காமல் வந்து மோதினால் டபிள்யூ61.62. தண்ணீர்ச் சறுக்கில் போகும்போது சறுக்குப் பலகை தீப்பற்றிச் சுட்டுவிட்டால் வி91.07. மாமனார் மாமியாரோடு ஒத்துவரவில்லை என்றால் இசட்63.1. கடைசியாகச் சொன்னதற்கு நம் ஊரில் தனியாக ஒரு மாடியே ஒதுக்க வேண்டியிருக்கும்!

நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. அமெரிக்க மருத்துவமனைகள் நோய்களுக்கு எண் போடப் பயன்படுத்தும் ஐசிடி-10-சிஎம் புத்தகத்தில் இவை எல்லாம் அச்சில் இருக்கின்றன. மொத்தம் 70,000-க்கும் மேற்பட்ட கோடுகள். அந்த எண்களைப் போடும் வேலையில் ஒரு பெரும்பங்கு சென்னையிலும் கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் நடக்கிறது. மெடிக்கல் கோடிங் என்றால் இங்கே எல்லாருக்கும் தெரியும், சொந்தக்காரர்களைத் தவிர. கல்யாணப் பந்தியில் ‘கோடிங்கா? ஜாவாவா, பைத்தானா?’ என்று கேட்காத பெரியப்பா இன்னும் பிறக்கவில்லை. ‘நிமோனியா பெரியப்பா’ என்று பதில் சொன்னால் அவர் ரசத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறாராம்.

அந்த நிமோனியாவைப் பார்க்கத்தான் போனேன். குறிப்பாக, பாக்டீரியா கொண்டுவரும் நிமோனியா. நோயாளியின் மருத்துவக் கோப்புக்குக் கோடர்கள் வைத்திருக்கும் பெயர் சார்ட். அவர்களிடம் ‘எந்த சார்ட் வந்தால் குஷி?’ என்று கேட்டால் சிலர் இதயம் என்பார்கள், சிலர் எலும்பு முறிவு என்பார்கள். ஆனால் உள்நோயாளி சார்ட் பார்க்கும் பழைய கைகளிடம் ‘எதில் சண்டை அதிகம்?’ என்று கேளுங்கள். நிமோனியா என்று சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பின் காரணம் தெரிய எனக்கு ஒரு முழு நாள் பிடித்தது.

முதலில், கோடர்கள் வேலை செய்யும் தளத்துக்குள் விடமாட்டார்கள். அங்கே போன் கிடையாது, பேனா கிடையாது, ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. எல்லாம் வாசலில் லாக்கரோடு நின்றுவிடும். நோயாளியின் விவரம் ஒரு எழுத்துகூட வெளியே போகக் கூடாது என்பது 1996-ல் வந்த ஹிப்பா என்ற அமெரிக்கச் சட்டத்தின் பிடி. அங்கே எழுதிய சட்டத்துக்கு இங்கே சென்னை ஓஎம்ஆரில் பேனா பிடுங்குகிறார்கள்! எனக்குப் பயிற்சி அறைதான் வாய்த்தது. இருபது ஃப்ரெஷர்கள், ஒரு ட்ரெய்னர் மேடம், பெயர் ஊர் எல்லாம் கறுப்படித்த ஒரு பயிற்சி சார்ட். பாதிப் பேர் மைக்ரோபயாலஜி, மீதி பயோடெக், பார்மசி, பிசியோதெரபி, நர்சிங். பெரும்பாலும் பகல் ஷிஃப்ட் என்பதால் வீட்டில் அம்மாக்களுக்கும் இந்த வேலை பிடித்துப்போகிறது.

மேடம் பலகையில் ஒரு நீள வீடு வரைந்தார். அத்தியாயம் பத்து, சுவாச உறுப்புகள். அதில் ஜே12 முதல் ஜே18 வரை நிமோனியாவின் குடியிருப்பு. வைரஸ்களுக்கு ஜே12. கோவிட் நிமோனியாவுக்கு 2021 ஜனவரி 1 முதல் அங்கேயே ஜே12.82 என்று ஒரு மூலை. அடுத்து ஜே13. முழு அறையும் ஒரே ஒருத்தருக்கு! ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே. நிமோகாக்கஸ் என்பது அவர் செல்லப்பெயர். ஜே14-ம் தனி அறைதான், ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சேவுக்கு. ஃப்ரெஷர்கள் இதைப் பார்த்ததும் ஃப்ளூ காய்ச்சல் பக்கம் ஓடுவார்கள். இது பாக்டீரியா, ஃப்ளூவோடு இதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மற்ற பாக்டீரியா எல்லாம் ஜே15-ல் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. புள்ளிக்குப் பின்னால் பூஜ்யம் கிளெப்சியெல்லா, 1 சூடோமோனாஸ், 2 ஸ்டஃபைலோகாக்கஸ். இந்த ஸ்டஃபைலோகாக்கஸ் குடும்பம் பெரிது. சாதாரண மருந்துக்கு அடங்கும் ஆரியஸுக்கு ஜே15.211, அடங்காத எம்ஆர்எஸ்ஏவுக்கு ஜே15.212 என்று உள்ளறை வேறு. 5 என்றால் ஈ கோலை. 7 மைக்கோபிளாஸ்மா. ஆளைப் படுக்கப்போடாமல் நடமாடவிட்டே படுத்தும் கிருமி அது. 6-ல் மற்ற கிராம் நெகட்டிவ்கள். அந்த 6-ஐ 2023 அக்டோபர் 1-ல் இரண்டாகப் பிரித்து, ஐசியுக்களைக் கலங்கடிக்கும் அசினெட்டோபாக்டர் பாமனிக்கு மட்டும் ஜே15.61 என்று சொந்தச் சாவி கொடுத்தார்கள். மீதிக் கூட்டம் ஜே15.69. ‘பாக்டீரியாதான், ஆனால் எது என்று தெரியாது’ என்றால் ஜே15.9. ‘நிமோனியாதான், பாக்டீரியாவா வைரஸா என்றே தெரியாது’ என்றால் ஜே18.9.

“லெஜியோனெல்லா எங்கே மேம்?” என்றாள் முதல் வரிசையில் ஒரு பெண். கேள்வி கேட்டவளுக்கு மேடம் ஒரு சாக்லேட் கொடுத்தார், மெய்யாகவே. லெஜியோனெல்லா இந்த வீட்டிலேயே இல்லை. 1976 ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவின் பெல்வியூ-ஸ்ட்ராட்ஃபோர்டு ஹோட்டலில் அமெரிக்கன் லெஜியன் என்ற முன்னாள் படைவீரர் சங்கம் மாநாடு கூட்டியது; வீடு திரும்பியவர்கள் அடுத்தடுத்து நிமோனியாவில் விழுந்தார்கள். நாடே பீதியில் உறைந்தது. 1977 ஜனவரியில்தான் சிடிசி என்ற அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் ஜோசஃப் மெக்டேட் அந்தக் கிருமியைப் பிடித்தார். அதன் கோடு ஏ48.1, தொற்றுநோய் அத்தியாயத்தில். ஜே15-க்குக் கீழே ‘இங்கே தேடாதே’ என்று குறிப்பே போட்டிருக்கிறார்கள். அதைப் படிக்காமல் அகரவரிசைப் பட்டியலிலிருந்து நேராக எண்ணை எடுத்துப் போடுகிறவர் கோடரே இல்லை என்பது மேடத்தின் கட்சி. முதலில் பட்டியல், பிறகு உள்பக்கம், அதன் பிறகுதான் எண்.

இதுவரை எல்லாம் பள்ளிக்கூடப் பாடம். இனிமேல்தான் பணம் வருகிறது.

அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடு மெடிகேர். 1983 அக்டோபர் வரை மருத்துவமனை செய்த செலவை அது கணக்குப் பார்த்துக் கொடுத்துவந்தது. அன்று முதல் அந்த முறை மாறியது. யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபெட்டரும் ஜான் தாம்ப்சனும் உருவாக்கியிருந்த டிஆர்ஜி என்ற வகைப்பாட்டை எடுத்துக்கொண்டு, ‘இந்த வகை நோயாளிக்கு இவ்வளவு’ என்று மொத்தத் தொகை கட்ட ஆரம்பித்தார்கள். மூன்று நாள் படுத்தாலும் சரி, ஆறு நாள் படுத்தாலும் சரி, பெரும்பாலும் தொகை அதேதான். எந்த வகை என்பதை முடிவு செய்வது கோடர் போடும் எண்கள்.

நிமோனியாவுக்கு இரண்டு பெட்டிகள். ஒன்று 193, 194, 195: ‘சாதாரண’ நிமோனியா. இன்னொன்று 177, 178, 179: கடுமையான சுவாசத் தொற்றுகள். ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று தட்டு, கூட இருக்கும் மற்ற நோய்களின் கனத்தைப் பொறுத்து. இரண்டாவது பெட்டிக்குத் தொகை அதிகம்; ஒரே நோயாளிக்கு வித்தியாசம் ஆயிரக்கணக்கான டாலராகப் போகும். யார் எங்கே? ஜே13, ஜே14, ஜே15.7, ஜே15.9, ஜே18.9 எல்லாரும் சாதாரணப் பெட்டி. ஜே15.0, ஜே15.1, ஸ்டஃபைலோகாக்கஸ் குடும்பம், ஈ கோலை, ஜே15.6 கூட்டம் எல்லாரும் கனத்த பெட்டி. லெஜியோனெல்லாவும் அங்கேதான்.

இந்தப் பிரிவினையை உற்றுப் பார்த்தால் ஒரு பழைய பெர்லின் கதை தெரியும். எனக்கு இந்த ஒரு விஷயத்துக்காகவே போன நாள் கொண்டாட்டமாகிவிட்டது! 1880-களில் நிமோனியாவுக்குக் காரணம் எந்தக் கிருமி என்று அங்கே இரண்டு பேருக்குள் பெரிய தகராறு. கார்ல் ஃப்ரீட்லேண்டர் ஒன்றைக் காட்டினார். ஆல்பர்ட் ஃப்ரெங்கெல் வேறொன்றைக் காட்டினார். ஃப்ரீட்லேண்டரிடம் வேலை செய்ய டென்மார்க்கிலிருந்து ஒரு இளம் டாக்டர் வந்திருந்தார், ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம். நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் கிருமி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று ஊதாச் சாயம் போட்டு, அயோடின் ஊற்றி, ஆல்கஹாலில் கழுவிப் பார்த்தார். சில கிருமிகள் சாயத்தைப் பிடித்துக்கொண்டன. சில விட்டுவிட்டன. 1884-ல் அதை எழுதி வெளியிட்டார். பிடித்தவை கிராம் பாசிட்டிவ், விட்டவை கிராம் நெகட்டிவ்.

தகராறில் இருவருமே சரி. ஃப்ரெங்கெல் காட்டியது நிமோகாக்கஸ், இன்றைய ஜே13. ஃப்ரீட்லேண்டர் காட்டியது கிளெப்சியெல்லா, இன்றைய ஜே15.0. ஒன்று சாதாரணப் பெட்டி, ஒன்று கனத்த பெட்டி. அது மட்டுமா? டாக்டர் கிருமியின் பெயரே எழுதாமல் ‘கிராம் பாசிட்டிவ் நிமோனியா’ என்று மட்டும் எழுதினால் ஜே15.9-ல் விழும். ‘கிராம் நெகட்டிவ் நிமோனியா’ என்றால் ஜே15.69-க்கு ஏறிவிடும். பெர்லின் பிணவறையில் ஒருத்தர் சாயம் கழுவியதற்கு 140 வருடம் கழித்து வாஷிங்டனிலிருந்து காசோலை! மைக்கோபிளாஸ்மா மட்டும் இந்தச் சண்டையில் சேரவில்லை. அதற்குச் செல்சுவரே கிடையாது. கிராமின் சாயம் அதனிடம் பலிக்காது.

இப்போது பயிற்சி சார்ட்டுக்கு வருவோம். தாத்தாவுக்கு 78 வயது. காய்ச்சல், இருமல், மூச்சு வாங்குகிறது, ஆக்ஸிஜன் குறைவு. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் ஒரு வெள்ளைத் திட்டு. முதல் நாள் செஃப்ட்ரையாக்சோனும் அசித்ரோமைசினும் ஏற்றுகிறார்கள். மூன்றாம் நாள் சளி கல்ச்சர் வருகிறது: சூடோமோனாஸ் ஏருஜினோசா, தாராளமாக வளர்ந்திருக்கிறது. அன்று மதியமே பழைய மருந்தை நிறுத்திவிட்டு செஃபெபைம் தொடங்குகிறார்கள். செஃப்ட்ரையாக்சோன் சூடோமோனாஸிடம் செல்லாது, செஃபெபைம் செல்லும். நாலாம் நாள் காய்ச்சல் இறங்குகிறது. ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்டர் எழுதியிருப்பது: ‘நிமோனியா. தேறிவிட்டார்.’

இவ்வளவுதான். கிருமியின் பெயர் எங்கேயும் இல்லை.

“ஜே15.1!” என்று இருபது குரலும் ஒன்றாகக் கத்தின. மைக்ரோபயாலஜிக்காரர்களின் குரல் கொஞ்சம் கூடுதல். மூன்று வருடம் கல்லூரி ஆய்வகத்தில் அந்தப் பச்சை நிறக் காலனியையும் அதன் திராட்சை வாசனையையும் சகித்தவர்கள் அல்லவா!

மேடம் பலகையில் ஜே18.9 என்று எழுதினார்.

அறையில் எழுந்த முனகலைக் கேட்டிருக்க வேண்டும். கல்ச்சர் இருக்கிறது, மருந்து மாறியிருக்கிறது, ஆள் தேறியிருக்கிறார், பிறகு என்ன? விதிப்படி லேப் காட்டியதை வைத்துக் கோடர் நோய் முடிவு செய்யக் கூடாது. சளியில் வளர்ந்தது தொண்டையில் சும்மா குடியிருந்த கிருமியாகக்கூட இருக்கலாம். இந்தக் கிருமிதான் இந்த நிமோனியாவைக் கொண்டுவந்தது என்று இணைத்துச் சொல்லும் உரிமை சிகிச்சை தந்த டாக்டருக்கு மட்டும். மருந்தின் பெயரை வைத்து ஊகிப்பதும் குற்றம். தெரியும், ஆனால் சொல்லக் கூடாது. பழைய கைகளின் சிரிப்புக்கு இதுதான் காரணம்.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவதா? கிடையாது. க்வெரி போட வேண்டும். டாக்டருக்கு ஒரு கேள்வித்தாள், மருத்துவமனையில் இருக்கும் ஆவணக் குழுவின் வழியாகப் போய்ச் சேரும். அதை எழுதுவது ஒரு தனிக் கலை. பரீட்சை ஹாலில் சூப்பர்வைசராக நிற்கும் கணக்கு வாத்தியாரை நினைத்துக்கொள்ளுங்கள். பையன் ஏழாவது கணக்கில் கடைசி வரி எழுத மறந்திருக்கிறான். வாத்தியாருக்கு விடை தெரியும். ‘தம்பி, பேப்பரை இன்னொரு தடவை முழுசாகப் பார்’ என்று சொல்லலாம். ‘ஏழாவதுக்கு விடை நாற்பத்திரண்டு’ என்று சொன்னால் வேலை போய்விடும்.

ஃப்ரெஷர்கள் எழுதிய முதல் க்வெரி எல்லாம் அந்த நாற்பத்திரண்டு ரகம்தான். ‘டாக்டர், இது சூடோமோனாஸ் நிமோனியாதானே? தயவுசெய்து எழுதவும்.’ மேடம் தலையில் கைவைத்துக்கொண்டார். ஒருவன் இன்னும் ஒரு படி மேலே போய் ‘இதனால் டிஆர்ஜி உயரும்’ என்றும் சேர்த்திருந்தான். மருத்துவமனைக்கு வரும் பணத்தைப் பற்றி க்வெரியில் மூச்சு விடக் கூடாது. அமெரிக்கத் தொழில் அமைப்புகளான அஹிமாவும் ஏக்டிஸும் சேர்ந்து இதற்கென்றே வழிகாட்டி வெளியிட்டிருக்கின்றன. சரியான க்வெரி இப்படிப் போகும்: காய்ச்சல் இத்தனை, எக்ஸ்ரே இப்படி, கல்ச்சரில் இது வளர்ந்தது, இந்த நாளில் மருந்து இதிலிருந்து இதற்கு மாறியது. இந்த நிமோனியாவின் காரணத்தை உங்கள் மருத்துவக் கணிப்பின்படி தெளிவுபடுத்த முடியுமா? கீழே தேர்வுகள்: சூடோமோனாஸால் வந்த நிமோனியா, வேறு கிருமியால் வந்தது (பெயர் எழுதவும்), கல்ச்சரில் வளர்ந்தது வெறும் குடியிருப்பு, வேறு ஏதாவது, தீர்மானிக்க முடியவில்லை.

பதில் எப்படி வரும் என்பதில்தான் சுவாரசியமே. டாக்டர் ‘சூடோமோனாஸ் நிமோனியா’ என்று எழுதினால் ஜே15.1, எல்லாருக்கும் கைதட்டல். ‘தீர்மானிக்க முடியவில்லை’ என்றால் ஜே18.9, பெருமூச்சு. ‘அநேகமாக சூடோமோனாஸாக இருக்கலாம்’ என்று வந்தால்?

“ஜே18.9 மேம். அநேகமாகன்னா உறுதி இல்லையே!” என்றான் ஒருவன். சாக்லேட் அவனுக்குக் கிடைக்கவில்லை.

இங்கேதான் விதிப்புத்தகம் நம்மைத் தலைகீழாகத் தூக்கிப் பிடிக்கிறது. உள்நோயாளியாக இருந்து டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் ‘இருக்கலாம்’, ‘சந்தேகிக்கிறோம்’, ‘அநேகமாக’, ‘ஒத்துப்போகிறது’ என்றெல்லாம் எழுதியிருந்தால், அந்த நோய் உறுதியானதுபோலவே கோடு போட வேண்டும். அத்தனை நாள் சோதனையும் சிகிச்சையும் அந்த நோயை நினைத்தே நடந்தன என்பது அதன் நியாயம். ஆகவே ஜே15.1! அதே டாக்டர் அதே சொல்லை வெளிநோயாளிப் பிரிவிலோ எமர்ஜென்சியிலோ எழுதி, ஆளை அன்றே வீட்டுக்கு அனுப்பினால் நிமோனியா என்ற பேச்சே எடுக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரிந்த தொல்லைகளை மட்டும் எழுத வேண்டும்: இருமல், காய்ச்சல். எமர்ஜென்சி டீமிலிருந்து உள்நோயாளி டீமுக்கு மாறி வருகிறவர்கள் முதல் மாதம் எரர் வாங்கிக் குவிப்பது இந்த ஒரு விதியால்தான்.

வலது கீழ்ப்பகுதி என்று எக்ஸ்ரேயில் பார்த்தோமே, அதற்கும் ஒரு கண்ணி வைத்திருக்கிறார்கள். ஜே18.1 என்று ‘லோபார் நிமோனியா’வுக்கு ஒரு கோடு உண்டு. வலது கீழ் லோப்பில் நிமோனியா என்று டாக்டர் எழுதியதும் ஃப்ரெஷர் கை தானாக அங்கே போகும். போகக் கூடாது. நிமோனியா எந்த லோப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பது வேறு; லோபார் நிமோனியா என்று டாக்டர் பெயர் சொல்லி எழுதுவது வேறு. முன்னதுக்கு ஜே18.9-தான். இந்தக் கேள்வியை மேடம் ஒவ்வொரு பேட்சுக்கும் வைக்கிறாராம், ஒவ்வொரு பேட்சிலும் பாதி வகுப்பு விழுகிறதாம். சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சி கொஞ்சம் கொடூரமானதுதான்.

வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு நிமோனியா வந்தால் தானாக ஜே95.851 போடக் கூடாது. வென்டிலேட்டரால்தான் வந்தது என்று டாக்டர் எழுதியிருக்க வேண்டும். சாப்பாடோ வாந்தியோ நுரையீரலுக்குள் இறங்கி வந்தது என்றால் ஜே69.0, அது கனத்த பெட்டி. ரத்தம் முழுக்கத் தொற்று பரவி செப்சிஸாகவே ஆஸ்பத்திரிக்குள் வந்திருந்தால் செப்சிஸ் முன்னால் போய் நின்றுகொள்ளும். நிமோனியா, எவ்வளவு பெரிய கிருமியாக இருந்தாலும், இரண்டாம் வரிசை. எம்ஆர்எஸ்ஏ நிமோனியாவுக்கு ஜே15.212 போட்ட பிறகு, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எம்ஆர்எஸ்ஏவுக்கான தனிக் கிருமிக் கோடு பி95.62-ஐயும் சேர்த்தால் எரர். ஒரே எண்ணில் இரண்டும் அடங்கிவிட்டது. மேடம் இவற்றைச் சொல்லிக்கொண்டே போனார். கடைசி வரிசையில் இருவர் தண்ணீர் குடித்தார்கள்.

சரி, இவ்வளவு கட்டுப்பெட்டித்தனம் எதற்கு? கிருமி யார் என்று எல்லாருக்கும் தெரியும்போது எழுதிவிட்டால்தான் என்ன? அந்தக் கதை அமெரிக்காவில் ஒருமுறை நடந்து முடிந்திருக்கிறது. அப்போது பழைய ஐசிடி-9 காலம். காரணம் தெரியாத நிமோனியாவுக்கு 486, டிஆர்ஜி 89. ‘குறிப்பிட்ட வேறு பாக்டீரியா’வுக்கு 482.89, டிஆர்ஜி 79, தொகை அதிகம். சில மருத்துவமனைகளின் பில்களில் 482.89 பொங்கி வழிந்தது. டாக்டர் பெயர் சொல்லாத கிருமிகள் பில்லில் மட்டும் பெயரோடு பிறந்திருந்தன! 1990-களின் கடைசியில் நீதித்துறை கையில் எடுத்தது. நிமோனியாவுக்கென்றே ஒரு விசாரணைத் திட்டம். பிடித்த ஆயுதம் ஃபால்ஸ் கிளெய்ம்ஸ் ஆக்ட். உள்நாட்டுப் போரின்போது படைக்கு மட்டமான சரக்கைத் தள்ளிவிட்ட ஒப்பந்தக்காரர்களைப் பிடிக்க லிங்கன் காலத்தில், 1863-ல் வந்த சட்டம். கைகளைக் கட்டிக்கொண்டு கோடர்கள் உட்கார்ந்திருப்பதில் அதன் பங்கும் உண்டு.

இப்போது மென்பொருள் வேறு கூடவே உட்கார்ந்திருக்கிறது. சார்ட்டைத் தானே படித்து, சொற்களுக்கு மஞ்சள் பூசி, ‘இந்தக் கோடு போடலாமா?’ என்று கேட்கும். பயிற்சி அறையில் அதையும் ஓட்டிக் காட்டினார்கள். கல்ச்சர் பக்கத்தில் சூடோமோனாஸைப் பார்த்ததும் அது துள்ளிக் குதித்து ஜே15.1 என்றது, கொஞ்ச நேரத்துக்கு முன் அந்த இருபது பேர் குதித்த அதே மாதிரி. “இதுவும் ஃப்ரெஷர்தான் சார்” என்றார் மேடம் என் பக்கம் திரும்பி. “ரொம்ப வேகமான ஃப்ரெஷர்.”

மாலை நாலு மணிக்குக் கீழே டீக்கடை. கோடர்களை வாயைத் திறக்கவைக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. நோயாளியைப் பற்றி ஒரு சொல் வராது. ஆனால் விதிகளைப் பற்றி என்றால், அப்பப்பா! ஒரு டீமில் இருக்கும் பெண்ணும் அவளுடைய வேலையைச் சோதிக்கும் ஆடிட்டரும் எதிரெதிரே நின்று மோதிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலான இடங்களில் 95 சதவீதம் சரியாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஒரு எரர் விழுந்தாலும் மாதக் கடைசியில் கடிக்கும். அதனால் எரர் விழுந்தால் ரிபட்டல் போடுவார்கள். எழுத்து மூலம் எதிர்வாதம்.

அன்றைய வழக்கு இது: டிஸ்சார்ஜ் குறிப்பில் டாக்டர் ‘கன்சர்ன் ஃபார் நிமோனியா’ என்று எழுதியிருக்கிறார். அவள் நிமோனியா போட்டாள். ஆடிட்டர் எரர் அடித்தார்.

“அண்ணா, கவலையா இருக்குன்னு டாக்டர் எழுதினா சும்மா கவலைப்பட்டாருன்னு அர்த்தமா? ரூல்ஸ்ல இருக்கிற லிஸ்ட்டைப் பாருங்க, கடைசில ‘இது மாதிரி மற்ற சொற்கள்’னு போட்டிருக்கு.”

“மாதிரின்னா எதை வேணா சேர்த்துக்கலாமாம்மா?”

“எதை வேணா இல்லண்ணா. கோடிங் கிளினிக், 2018, முதல் காலாண்டு. கன்சர்ன் ஃபார்னா சந்தேக நோய்தான், ஐபி-ல கோடு போடணும்னு அவங்களே சொல்லிட்டாங்க.”

கோடிங் கிளினிக் என்பது அமெரிக்க மருத்துவமனைச் சங்கம் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடும் விளக்க இதழ். 1984-லிருந்து வருகிறது. கோடர்களின் சண்டையில் அதைக் காட்டினால் மறுபேச்சு இல்லை. ஆடிட்டர் கொஞ்ச நேரம் பஜ்ஜியைப் பார்த்தார். பிறகு “மேலே போய்ப் பார்த்துட்டு மாத்திடுறேன்” என்றார். அப்போதும் அவள் விடவில்லை. “‘எவிடன்ஸ் ஆஃப்’னு எழுதியிருந்தா அது சந்தேகமே இல்லண்ணா, உறுதி. அதையும் பார்த்து வெச்சுக்கோங்க.” மிளகாய் பஜ்ஜி ஆடிட்டர் கணக்கில் என்று ஒருமனதாகத் தீர்ப்பானது.

அந்த நேரம் பார்த்து டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டர் லொக்கு லொக்கென்று இருமினார். நாலு தலைகள் ஒன்றாகத் திரும்பின.

“ஆர்05.9,” என்றான் ஒருவன்.

“இரு, இரு. 2021 அக்டோபர்லயே இருமலைப் பிரிச்சுட்டாங்க. புதுசா வந்ததா, ரொம்ப நாளா இருக்கான்னு தெரியாம எப்படி 9 போடுவே? மாஸ்டர், எத்தனை நாளா இருமல்?”

“ரெண்டு நாளாம்மா. ஏன்?”

“அக்யூட். ஆர்05.1.”

“மாஸ்டர் டாக்டரா? அவர் சொன்னா நீ எழுதிடுவியா? க்வெரி போடு!”